யாருடைய போன் முதலில்?



போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். தறி வேலை செய்கிற ஒரு சகோதரி தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையனுக்கு ஒன்பது வயதிருக்கும். "பாஸ்டர், இவன் மேல கை வச்சு ஜெபம் பண்ணுங்க. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் செல்போன விடமாட்டேங்கறான். பிடுங்கினா என்னையே கடிக்க வர்றான்" என்று அழுதார்.

நான் அவன் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினேன். பாதி ஜெபத்தில் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு கை பையன் தலையில் இருக்கிறது. மறு கை தானாகவே போய், போனை எடுத்து, யார் என்று பார்த்துவிட்டது. நிமிர்ந்தால் அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. நான் அவசரமாக ஆமென் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னால் விடமுடியாத ஒன்றை விட்டுவிடு என்று ஒரு பிள்ளைக்குக் கட்டளையிட எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? தகப்பன் என்கிற அதிகாரம் போதுமா? போதகர் என்கிற அதிகாரம் போதுமா? அந்தப் பையன் வாயைத் திறந்து கேட்டிருந்தால்கூட ஏதாவது வசனம் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவன் கேட்கவில்லையே.

நான் வாரத்தில் ஆறு நாள் தறிக்காரன், ஞாயிற்றுக்கிழமை ஊழியக்காரன். வேதாகமக் கல்லூரி டிப்ளமாவைத் தவிர வேறு படிப்பு கிடையாது. ஆகிலும் இந்தக் காரியத்தில் தடுக்கப்பட்ட பிள்ளையாகவும் இருந்திருக்கிறேன், தடுக்கிற தகப்பனாகவும் இருக்கிறேன். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் தகப்பனார் டி.வி.யை வீட்டுக்குள் விடாதவர். 1990-களின் ஆரம்பம் அது. அது சாத்தானுடைய பெட்டி என்று சபையில் பிரசங்கம் நடக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' போடுகிற நேரத்துக்குச் சரியாக எனக்கு நோட்டு வாங்கவேண்டிய வேலை வந்துவிடும். ஆரணியில் எங்கள் தெருக்கோடியில் டி.வி. இருந்த ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நிற்பேன். வீட்டுக்கு வந்து, கடை சாத்தியிருந்தது என்பேன். அன்று பார்த்த பாட்டு ஒன்றுகூட இன்றைக்கு ஞாபகமில்லை. சொன்ன பொய்கள் ஞாபகமிருக்கின்றன. டி.வி. என்னைக் கெடுத்ததோ இல்லையோ, கூசாமல் பொய் சொல்ல நான் பழகியது அந்த ஜன்னலில்தான்.

இருந்தாலும் என் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் அவரும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் டி.வி. ஓடினால் எழுந்து வெளியே வந்து திண்ணையில் உட்காருவார். எனக்கு விதித்ததைத் தனக்கும் விதித்துக்கொண்ட மனுஷன். அவர் சட்டத்தை மீறினேனே தவிர, அவரை ஒருநாளும் மாய்மாலக்காரர் என்று நினைத்ததில்லை. இந்த வித்தியாசம் எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் புரிந்தது.

பிறகு 1993-ல் சன் டி.வி. வந்தது. தெருவெல்லாம் கேபிள் ஒயர் ஓடிற்று. 2006-ல் அரசாங்கமே இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-க்குள் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விசுவாசிகள் மட்டும் வேண்டாம் என்றா சொன்னார்கள்? வாங்கினார்கள். பாஸ்டர் வீடு சந்திக்க வருகிறார் என்றால் அதன்மேல் ஒரு துணியை இழுத்துப் போடுவார்கள். அப்போது நான் வாலிப ஊழியக்காரன். அந்தத் துணி மூடிய டி.வி.க்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி. பார்க்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. எப்போது மூடவேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள்.

பிரியமானவர்களே, நம்மூர் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வீடுதான் பட்டறை. நடுக்கூடத்தில் தறி, மூலையில் அடுப்பு, மிச்ச இடத்தில் பிள்ளைகள். "எங்க காலத்துல செல்போனா இருந்துச்சு? தெருவுல ஓடி விளையாடினோம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை. யார் ஓடி விளையாடினார்கள்? கோர்வைச் சேலை நெய்ய, கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். எத்தனையோ வீட்டில் அது பிள்ளையின் கைதான். அப்படித் தறியடியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் இன்றும் நம் சபையில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. இன்றைக்குப் பிள்ளையின் கை தறிக்குத் தேவைப்படவில்லை. அது நல்லது. ஆனால் தறி ஓடுகிற நேரத்தில் அந்தக் கையில் எதையாவது கொடுத்து உட்காரவைக்கவேண்டும் என்கிற தேவை மட்டும் போகவில்லை.

கொடுத்ததும் நாம்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம், வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் என்று ஆயிற்று. முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பிள்ளைக்குப் போன் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். நேற்றுவரை எதைத் தொடாதே என்றோமோ, அதுதான் இனிப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக் கையில் வைத்தோம். பள்ளி திறந்தது. கையிலிருந்து அது இறங்கவில்லை. நம் கையிலிருந்தும் இறங்கவில்லை. டிசைன் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, கூலிப் பணம் போனில்தான் வருகிறது, ஜெபக் குறிப்பும் அதில்தான் வருகிறது. "வேலை விஷயமா பார்க்கிறேன்" என்று என் பிள்ளைகளிடம் நான் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி, இழை அறுந்தால் பிணைத்துவிட்டு அப்படியே குழியில் உட்கார்ந்தபடி பத்து நிமிஷம் யாரோ எங்கேயோ மீன் வறுக்கிறதைப் பார்த்ததுதான்.

இந்தக் கருவியைப் பற்றி நம் தொழில் பாஷையிலே ஒன்று சொல்லுகிறேன். சேலைக்கு முந்தி உண்டு. உடல் நெய்து, முந்தி நெய்து, அறுத்து எடுத்துவிடுகிறோம். பாவும் ஒருநாள் தீர்ந்துபோகும். 'ஒளியும் ஒலியும்' முடிந்தால் ஜன்னலில் நின்றவர்கள் கலைந்துபோவோம். இந்தப் போனில் வருகிறதற்கு முந்தியே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். தள்ளாவிட்டாலும் அடுத்த படம் தானே ஓடும். இந்த முடிவில்லாத தள்ளலை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்கிற அமெரிக்கர். தான் செய்த வேலைக்காகக் குற்ற உணர்வு உண்டு என்று 2018-ல் அவரே பி.பி.சி.யிடம் சொன்னார். அதே 2006-ல்தான் நாம் டி.வி.க்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தோம்! பெரியவர்களாலேயே எழுந்திருக்க முடியாதபடி கட்டப்பட்ட ஒன்றை ஒன்பது வயதுப் பிள்ளை தானாகக் கீழே வைக்கவில்லை என்று, அவனுக்குள் ஏதோ ஆவி இருக்கிறதாக நாம் ஜெபிக்கிறோம். அவனிடத்தில் இருந்தது ஆவியல்ல. வேறு செய்ய ஒன்றும் இல்லாத ஒரு சாயங்காலம்தான் இருந்தது.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட ஆலோசனையில் இருக்கிறது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், தூரத்து உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது தவிர. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்குள். உலக சுகாதார நிறுவனமும் சிறு பிள்ளைகளுக்கு 2019-ல் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறது. நல்ல அளவுதான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கங்களும் சட்டம் போட்டுப் பார்க்கின்றன. சீனாவில் 2021-ல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டுமே ஆன்லைன் விளையாட்டு ஆடலாம் என்று உத்தரவு போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயது ஆகாதவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக்கூடாது. கம்பெனிக்காரனைக் கட்டிவைக்கிற சட்டம் தேவைதான், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கவனித்தீர்களா, ஒரு சட்டமும் அப்பன் போனைத் தொடவில்லை.

தொட்ட ஊர் ஒன்று உண்டு. மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்கிற கிராமம். ஏறக்குறைய மூவாயிரம் பேர், விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளிகளும். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் புஸ்தகத்தைத் தொடுகிறதில்லை என்று கண்டு, 2022 ஆகஸ்டில் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சங்கு ஊதும். டி.வி., போன் எல்லாம் நிறுத்தவேண்டும். எட்டரைக்கு மறுபடி ஊதும், அதன் பிறகு உங்கள் இஷ்டம். ஆண்கள் முதலில் கேலி செய்தார்களாம். பிறகு பஞ்சாயத்துக்காரர்கள் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நாங்களே சீரியலில் மூழ்கிக்கிடக்கிறோம், ஊர் முழுக்க நிறுத்துவதாக இருந்தால் சரி என்றார்கள். பிள்ளைகளைத் திருத்தக் கூப்பிட்ட இடத்தில் தங்களைப் பற்றிப் பேசினார்கள். காரியம் அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம்.

இதை நான் சபையில் சொன்னபோது ஒரு மூப்பர் முகம் சுளித்தார். ஏனென்றால் அந்தச் சங்கு இருப்பது ஊர்க் கோவிலின் உச்சியில். "கோவில் சங்கைப் பார்த்தா பாஸ்டர் நாம கத்துக்கணும்?" என்றார். ஆமாம் ஐயா, நல்ல காரியத்தை யாரிடத்திலும் கற்றுக்கொள்ளலாம் என்றேன். அவருக்கு இன்னும் திருப்தியில்லை.

அவரைவிட நியாயமான மறுப்பு ஒன்றை இன்னொரு சகோதரர் சொன்னார். "நான் பைக் ஓட்டறேன். என் பையன் ஓட்டக்கூடாது. அதுக்காக நானும் ஓட்டாம இருக்கணுமா? அப்பனும் பிள்ளையும் ஒண்ணா?" இதை நான் பல நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எல்லாச் சட்டமும் எல்லார்மேலும் ஒரேபோல விழவேண்டும் என்றில்லை. பைக்கை நாம் தடுப்பது பிள்ளைக்கு அது ஆபத்து, நமக்கு ஓட்டத் தெரியும் என்பதால். ஆனால் போன் விஷயத்தில் நமக்கு ஓட்டத் தெரியுமா? ஜெபத்தின் நடுவில் கை பைக்குள் போனவன் நான். ஓட்டத் தெரிந்தவன் செய்கிற வேலையா அது? மத்தேயு 23-ல் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்டதை நாம் எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறோம். தாங்கள் தூக்கிப் பாராத மூட்டையை அடுத்தவன் முதுகில் ஏற்றிவிட்டார்கள் என்பதுதானே அங்கே குற்றம். நான் அந்த அதிகாரத்தை எப்போதும் ரோமருக்கோ யூதருக்கோ நேர்ந்ததாகவே பிரசங்கித்து வந்தேன்.

ஆகையால் வீட்டில் ஆரம்பித்தோம். பழைய ஜரிகை டப்பா ஒன்று இருந்தது. ஏழு மணிக்குப் போனெல்லாம் அதற்குள், எட்டரைக்கு வெளியே என்று அறிவித்தேன். எட்டாவது படிக்கிற மகள் கேட்டாள்: "உங்க போனும் உள்ள போகுமாப்பா?"

"ஊழியக்காரன் போனை அணைக்க முடியுமாம்மா? யாருக்காவது ஆஸ்பத்திரி, சாவுன்னா?"

"அப்போ அம்மா போன்ல எனக்கும் ஸ்கூல் குரூப்ல நோட்ஸ் வருமே."

கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பதில் வரவில்லை. கடைசியில் அலமாரியில் கிடந்த பழைய பட்டன் போனுக்கு ஒரு சிம் போட்டு, அந்த நம்பரை மூப்பர்களுக்கும் வயதான இரண்டு மூன்று வீட்டாருக்கும் கொடுத்தேன். பெரிய போன் டப்பாவுக்குள் போயிற்று. ஆஸ்பத்திரி, சாவு என்று இதுவரை அந்தப் பட்டன் போன் அடித்தது இரண்டே தடவை. நான் எவ்வளவு முக்கியமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

முதல் வாரத்தைப் பற்றிச் சாட்சியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மகா சங்கடம். நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், பேச ஒன்றுமில்லை. சபையில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவனுக்குத் தன் பிள்ளைகளோடு பேச வார்த்தை இல்லை. "படி" என்றேன். படித்தாயிற்று என்றார்கள். மனைவி எழுந்து தார் சுற்றப் போய்விட்டாள். நாலாவது படிக்கிற மகன் குப்புறப் படுத்துக்கொண்டான். என் கை எத்தனை தடவை சட்டைப்பைக்குப் போகிறது என்று ஒருநாள் எண்ணினேன். பதினொரு தடவை. போனைப் பிடுங்கினால் பிள்ளை தானாகப் பேசும், விளையாடும், வேதம் வாசிக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஏசாவோடு சேர்ந்து வேகமாகப் போகாமல், பிள்ளைகளை மனதில் வைத்து மெதுவாக வருகிறேன் என்று பின்தங்கினானே யாக்கோபு, அவனுக்குப் பிள்ளைகளின் நடை தெரிந்திருந்தது. எனக்கு என் பிள்ளைகளின் நடை தெரியவில்லை.

மூன்றாம் வாரம் என்று நினைக்கிறேன். மகன் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அப்பா, அந்த அட்டை ஓட்டையில இருந்து மாங்கா எப்படி வருது?" என்றான். பிறந்ததிலிருந்து அந்தத் தறியின் சத்தத்தில் தூங்கினவன், முதன்முதலாகக் கேட்கிறான். விளக்கைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி மாட்டிக்கொண்டு பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி பின்னே தள்ளப்படும், இழை கிடந்த இடத்தில் கிடக்கும். இரண்டு சாயங்காலம் அதிலேயே போயிற்று. நடுவில் மகள் சொன்னாள், பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ல் செய்த இந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் என்கிறவர் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு யோசனை பிடித்தார் என்று. சின்னவன் சிரித்துக்கொண்டு, "அப்போ போனுக்குத் தாத்தா நம்ம தறியா?" என்றான். எனக்கே அது தெரியாது. நாற்பது வருஷமாக இந்தத் தறியைப் பார்த்தவன் நான்.

எல்லா நாளும் அப்படியில்லை. முகூர்த்த மாதங்களில் ஏழு மணிக்குத் தறியை நிறுத்த முடியாது. சில நாள் சண்டையில் முடியும்.

அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போய் எங்கள் டப்பாவைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டுல ரெண்டு பேரு இருக்கீங்க பாஸ்டர். நான் ஒருத்தி. அவன் அந்த மூலையில போன் பார்த்தாத்தான் நான் ராத்திரி ஒரு முழம் நெய்ய முடியும். அந்த ஒரு முழம் இல்லன்னா வாடகை இல்ல." எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பிள்ளையோடு சாயங்காலத்தில் உட்காருவதற்கும் காசு வேண்டியிருக்கிறது. அது உள்ளவன் இல்லாதவளுக்குப் போதிப்பது சுலபம். இப்போது செவ்வாயும் வியாழனும் சபைக் கட்டிடத்தைச் சாயங்காலம் திறந்து வைக்கிறோம். வாலிபப் பெண்கள் இரண்டு பேர் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். ஒரு கேரம் போர்டு, கொஞ்சம் கதைப் புஸ்தகம், சுண்டல். எந்தப் பிள்ளையும் வரலாம், நம் சபையார் பிள்ளையாக இருக்கவேண்டியதில்லை. அந்தப் பையனும் வருகிறான், கேரமில் நன்றாக ஆடுகிறான். மற்ற ஐந்து நாளுக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அவனைப் பற்றிப் பாவம் என்கிற வார்த்தையை நான் உபயோகிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். உங்கள் ஊரில் யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில் யார் டப்பாவைத் திறந்தாலும் பேர் எழுதவேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். போன மாதக் கணக்கில் மகள் நாலு தடவை, மகன் ஆறு, மனைவி இரண்டு. என் பேர் ஒன்பது தடவை இருக்கிறது. அதில் மூன்று, மகள் கையெழுத்தில்.